1500 வாட் ஹீட்டர் ராடு, 190 வோல்ட்: கணக்கு எங்கே இடிக்கிறது?

கொள்ளிடக்கரை | ஞாயிறு, காலை 9.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்தை ஒட்டி. டிரான்ஸ்பார்மரில் இருந்து வரும் லைனில் எங்கள் தெருதான் கடைசி. மார்கழி பிறந்ததில் இருந்து அம்மாவுக்குக் குளிக்க வெந்நீர் தேவைப்படுகிறது. 20 லிட்டர் வாளியில் இம்மர்ஷன் ராடு போட்டு வைக்கிறேன். ராடில் 1500 வாட், 230 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் அக்கா வீட்டிலும் இதே ராடுதான், அங்கே 20 நிமிடத்தில் தண்ணீர் தயார். இங்கே அரை மணி நேரம் ஆகிறது.

நண்பரிடம் மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் வாங்கி அளந்து பார்த்தேன். ராடு ஓடும்போது, அது மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பக்கத்து சாக்கெட்டில் 190 வோல்ட் காட்டுகிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெயின் போர்டில் பேஸ் வயர் மேல் கிளாம்ப் போட்டால் 5.4 ஆம்பியர்.

ராடு கெட்டுவிட்டதா? வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும், பில் எகிறும் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர் வர வேண்டும், எனக்கு வந்திருப்பது அதைவிடக் குறைவு. எதை நம்புவது?

---

இயற்பியல்_டீச்சர் | ஞாயிறு, காலை 10.25

உங்கள் ராடு நன்றாக இருக்கிறது தம்பி. நீங்கள் கொடுத்த இரண்டு எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது.

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம் (இதுதான் ஓம் விதி)
திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதலில் கம்பெனி சொல்லும் ராடு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1500 வாட் ÷ 230 வோல்ட் = 6.52 ஆம்பியர். 230 ÷ 6.52 = 35.3 ஓம். இந்த 35.3 ஓம்தான் ராடுக்குள் சுருட்டி வைத்திருக்கும் கம்பியின் குணம். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக மாறாது.

இப்போது உங்கள் அளவு. 190 ÷ 5.4 = 35.2 ஓம். அதே ராடுதான், ஒரு குறையும் இல்லை.

ஆனால் திறன்? 190 × 5.4 = 1026 வாட். 1500 வாட் என்று வாங்கிய பொருள் உங்கள் வீட்டில் 1000 வாட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் வேலை செய்கிறது. வோல்டேஜ் குறைந்தது 17 சதவீதம், திறன் குறைந்ததோ 32 சதவீதம். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் சேர்ந்து குறைகிறது, திறன் இரண்டின் பெருக்கல். எனவே அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திறன் விழும். மின்னோட்டத்தை அளக்க முடியாதபோது, அழுத்தத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தும் திறனைப் பெறலாம்: 190 × 190 ÷ 35.2 = 1026. இரண்டு வழியிலும் ஒரே விடை.

உங்கள் அரை மணி நேரமும் சரியாகவே வருகிறது. 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 4186 ஜூல் வேண்டும். 20 லிட்டரை 24 டிகிரியில் இருந்து 46 டிகிரிக்கு, அதாவது 22 டிகிரி ஏற்ற 18 லட்சத்து 42 ஆயிரம் ஜூல். 1500 வாட்டில் அது 1228 விநாடி, 20 நிமிடம். 1026 வாட்டில் 1795 விநாடி, 30 நிமிடம். அக்கா வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த வோல்டேஜ்தான்.

பில் எகிறாது. தண்ணீருக்குத் தேவையான வெப்பம் ஒன்றுதான், இரண்டு வீட்டிலும் 0.51 யூனிட். நீங்கள் அதை மெதுவாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வாளியும் கொஞ்சம் சூட்டைக் காற்றில் விடும், அது சொற்பம்.

---

கரும்புத்தோட்டம் | ஞாயிறு, காலை 11.40

டீச்சர் சொல்வது புத்தகக் கணக்கு. என் போர் மோட்டாரைக் கேட்டால் வேறு கதை சொல்லும். 1.5 ஹெச்பி சப்மெர்சிபிள், சிங்கிள் பேஸ். பெயர்ப்பலகையில் 9.5 ஆம்பியர் என்று இருக்கிறது. சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு வந்தால் பேனலில் ஆம்பியர் மீட்டர் 11.5 காட்டும். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் ஏறுகிறது, நானே கண்ணால் பார்க்கிறேன். அப்படி ஓட்டித்தான் காயில் கருகி, மோட்டாரைக் குழாயோடு மேலே தூக்கி ரீவைண்டிங் செய்தேன். ஓம் விதி இங்கே எங்கே போனது?

---

பழைய_பேனல் | ஞாயிறு, மதியம் 1.05

இரண்டு பேரும் சொல்வது சரி. பொருள்தான் வேறு.

ஹீட்டர் ராடு வெறும் மின்தடை. கொடுத்த அழுத்தத்துக்குத் தகுந்த மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு முழுவதையும் சூடாக்கிவிடும். மோட்டார் அப்படி இல்லை. உங்கள் மோட்டாரின் ரன்னிங் காயிலை மட்டும் மல்டிமீட்டரில் அளந்தால் சில ஓம்தான் இருக்கும். 3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 ÷ 3 = 77 ஆம்பியர். அப்படியா ஓடுகிறது? இல்லை. ரோட்டார் சுற்றும்போது காயிலுக்குள் எதிர் அழுத்தம் ஒன்று உண்டாகி, வரும் அழுத்தத்தில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகிறது. மிச்சம் இருக்கும் சின்ன வித்தியாசம்தான் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது.

வோல்டேஜ் குறைந்தாலும் தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ள வேண்டிய வேலை குறைவதில்லை. ரோட்டார் கொஞ்சம் பின்தங்கும், எதிர் அழுத்தம் குறையும், மின்னோட்டம் ஏறும். வேலையைச் சமாளிக்கக் கூடுதல் ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது.

காயில் ஏன் கருகுகிறது என்பதற்கு ஓம் விதியின் கூடப் பிறந்த விதி பதில் சொல்லும். கம்பியில் உண்டாகும் சூடு = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை. 9.5 ஆம்பியர் 11.5 ஆனால் மின்னோட்டம் 21 சதவீதம் கூடியது, சூடு 47 சதவீதம் கூடியது. காயில் கம்பி மேல் பூசிய வார்னிஷ் அதைத் தாங்காது. மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை 9.5க்கு வைத்திருந்தால் உங்கள் மோட்டார் தப்பித்திருக்கும். அதிகம் பேர் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை ஏற்றி வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்காது. 230 × 9.5 = 2185 என்பது வோல்ட்-ஆம்பியர். அதைத் திறன் காரணியால், அதாவது அதில் எவ்வளவு பங்கு உண்மையில் செலவாகிறது என்று காட்டும் எண்ணால், பெருக்கினால்தான் உண்மையான வாட். ராடு, அயர்ன் பாக்ஸ், கீசர் போன்றவற்றுக்குத் திறன் காரணி 1, அதனால் பெருக்கல் நேராக வாட்டைத் தருகிறது. மின்விசிறிக்கும் போருக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து யூனிட் கணக்குப் போட வேண்டாம்.

சரி, கொள்ளிடக்கரை தம்பி. உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, டீச்சரின் கணக்கைவிட எனக்கு அதுதான் முக்கியமாகத் தெரிகிறது. 190 என்பது ராடு ஓடும்போது. ராடை நிறுத்தினால் எவ்வளவு? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எதில் மாட்டியிருக்கிறீர்கள்? அந்தச் சுவர் சாக்கெட்டின் பக்கத்தில் இன்னொரு சாக்கெட் இருந்தால் அதில் எவ்வளவு? ராடு ஓடும்போது ஒரு முறை, நிறுத்தி ஒரு முறை. மீட்டர் போர்டிலும் அப்படியே பாருங்கள். புரோப் பிடிக்கும்போது கை ஈரமாக இருக்கக் கூடாது, செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் செருகினால் வோல்ட்டைக் காட்டும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது, அது இருந்தால் இன்னும் நல்லது.

---

பாலிடெக்னிக்_இரண்டாமாண்டு | ஞாயிறு, மாலை 4.30

டீச்சர், ஒரு சந்தேகம். மின்தடை மாறாது என்றீர்கள். எங்கள் வீட்டில் பழைய குண்டு பல்பு ஒன்று இருக்கிறது, 60 வாட். அதைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், 68 ஓம். 230 × 230 ÷ 68 போட்டால் 778 வாட் வருகிறது! லேபில் சாரிடம் கேட்டால் மீட்டர் சரியில்லை என்கிறார்.

---

இயற்பியல்_டீச்சர் | ஞாயிறு, மாலை 6.15

மீட்டர் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. நல்ல சோதனை செய்திருக்கிறாய்.

எரியும் பல்பின் இழை டங்ஸ்டன், ஏறக்குறைய 2500 டிகிரி சூட்டில் இருக்கும். உலோகம் சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். 60 வாட் எரியும்போது இருக்க வேண்டிய மின்தடை 230 × 230 ÷ 60 = 882 ஓம். நீ அளந்தது குளிர்ந்த இழை, அதன் 13இல் ஒரு பங்கு. ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் உண்மையிலேயே 3 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது, இழை சூடானதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் 0.26க்கு இறங்கிவிடுகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே பியூஸ் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹீட்டர் ராடில் இருப்பது நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் சேர்ந்த கலவை. சூடானாலும் அதன் மின்தடை சில சதவீதம்தான் மாறும், அதிலும் தண்ணீருக்குள் இருக்கும்போது அது பல்பு இழை போலக் கொதிப்பதில்லை. அதனால்தான் 35.3 என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போட முடிந்தது. எந்தப் பொருள் என்று தெரியாமல் ஓம் மீட்டர் காட்டும் எண்ணை 230இன் வர்க்கத்துக்குக் கீழே போட்டு வாட் கண்டுபிடிக்கக் கூடாது. நீ கேட்டது நல்லதாயிற்று, நானே முதலில் சொல்லியிருந்தால் இவ்வளவு பதிந்திருக்காது.

ஜார்ஜ் சைமன் ஓம் இந்த விதியைக் கண்டுபிடித்தபோது அவருக்கும் இதே மாதிரி ஊசலாடும் வோல்டேஜ்தான் பிரச்சினை. அவர் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்து வோல்டா மின்கலங்கள் மின்னோட்டம் எடுக்க எடுக்கச் சோர்ந்துவிடும், அளவு நிலையாக நிற்காது. அப்புறம் பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த வெப்ப இணைக்கு மாறினார். ஒரு முனை கொதிக்கும் நீரில், மறு முனை பனிக்கட்டியில். இரண்டின் வெப்பநிலையும் நிலையானது, அதனால் அழுத்தமும் நிலையாகக் கிடைத்தது. வெவ்வேறு நீளக் கம்பிகளை மாற்றி மாற்றி வைத்து அளந்தார். 1827இல் முழுமையாக எழுதி வெளியிட்டார். ஜெர்மனியில் பெரிய வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் நிலைமை மாறியது. பழைய_பேனல் ஐயா சொன்ன வெப்ப விதி ஜூலுடையது, அதுவும் 1840களின் தொடக்கத்தில்தான் வந்தது.

---

கொள்ளிடக்கரை | திங்கள், காலை 7.50

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

ராடு நிறுத்தி இருக்கும்போது மூன்று இடத்திலும் 203 வோல்ட்.

ராடு ஓடும்போது:
மீட்டர் போர்டில் 200
ஹால் சுவர் சாக்கெட்டில் 197
எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 190

கரண்ட் அதே 5.4. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஹாலில் இருந்து கொல்லைப்புறம் வரை போகிறது, 5 மீட்டர் வயர். ராடின் பிளக் பெரிய 16 ஆம்பியர் பின், அதைக் கன்வெர்ஷன் பிளக் போட்டு பாக்ஸில் செருகியிருக்கிறேன். வீட்டு வயரிங் 1 ஸ்கொயர் எம்எம் என்று வயர்மேன் சொன்னதாக ஞாபகம், மீட்டரில் இருந்து ஹால் சாக்கெட் 15 மீட்டர் இருக்கும்.

---

பழைய_பேனல் | திங்கள், காலை 8.20

தம்பி, முதல் வேலையாக அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ராடு போடுவதை நிறுத்துங்கள். இன்றைக்கே. காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன்.

டீச்சர் வகுத்தது மொத்த வோல்ட்டை. நான் வகுக்கப் போவது வழியில் காணாமல் போன வோல்ட்டை. விதி அதேதான்.

மீட்டர் வரை காணாமல் போனது 203 – 200 = 3 வோல்ட். 3 ÷ 5.4 = 0.56 ஓம். இது கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் வயரும் தெரு லைனும் சேர்ந்தது. லைன் நீளம், கடைசி வீடு, இருக்கத்தான் செய்யும்.

மீட்டரில் இருந்து ஹால் வரை 3 வோல்ட், அதுவும் 0.56 ஓம். 1 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 0.018 ஓம். போக 15, வர 15, மொத்தம் 30 மீட்டர். 0.54 ஓம். கணக்கும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறது. அதாவது உங்கள் வீட்டு வயரிங்கில் கோளாறு இல்லை. ராடுக்கு மெலிசு, அது வேறு விஷயம்.

இப்போது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 197 – 190 = 7 வோல்ட். 7 ÷ 5.4 = 1.3 ஓம். வெறும் 5 மீட்டர் வயரில்! அது 0.5 ஸ்கொயர் எம்எம் மெலிசு வயர் என்றே வைத்துக்கொண்டாலும் மீட்டருக்கு 0.039 ஓம், போக வர 10 மீட்டருக்கு 0.39 ஓம்தான். அதில் விழ வேண்டியது 2.1 வோல்ட். மீதி 4.9 வோல்ட், 0.9 ஓம், எங்கே?

அது வயரில் இல்லை. ஏதோ ஓர் இணைப்பில் இருக்கிறது. சுவர் சாக்கெட்டில் பிளக் பின் செருகும் இடம், இல்லாவிட்டால் பாக்ஸுக்குள் வயரை முறுக்கிய ஸ்குரு. 4.9 × 5.4 = 26 வாட். 26 வாட் என்பது ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் அளவு. ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பிளக்குக்குள் அடைத்து அரை மணி நேரம் விட்டு வைக்கிறீர்கள், தினமும்.

சுவர் வயரில் விழும் 3 வோல்ட்டும் 16 வாட் சூடுதான். ஆனால் அது 30 மீட்டர் கம்பியில் பரவுகிறது, தொட்டாலும் தெரியாது. பயம் எவ்வளவு வாட் என்பதில் இல்லை, எவ்வளவு சின்ன இடத்தில் என்பதில் இருக்கிறது.

ராடு போட்டுப் பத்து நிமிடம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நிறம் மாறியிருக்கிறதா? இனி தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை, ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள்.

---

பாலிடெக்னிக்_இரண்டாமாண்டு | திங்கள், காலை 9.00

ஐயா, அவ்வளவு சூடு வந்தால் எம்சிபி டிரிப் ஆகியிருக்க வேண்டாமா?

---

பழைய_பேனல் | திங்கள், காலை 9.45

ஆகாது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் தவறான நம்பிக்கை இது, அதனால் நீ கேட்டதற்குச் சந்தோஷம்.

எம்சிபி மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் இறங்கும். லூஸ் கனெக்ஷன் என்ன செய்கிறது? மின்தடையைக் கூட்டுகிறது, மின்னோட்டத்தைக் குறைக்கிறது. எம்சிபியின் கண்ணுக்கு எல்லாம் சுகமாகத்தான் தெரியும்.

கணக்காகவே பார். இப்போது முழுச் சுற்றின் மின்தடை: லைன் 0.56, வீட்டு வயர் 0.56, எக்ஸ்டென்ஷன் வயர் 0.39, கெட்ட இணைப்பு 0.9, ராடு 35.2. கூட்டினால் 37.6. 203 ÷ 37.6 = 5.4 ஆம்பியர், தம்பி அளந்ததுதான்.

சூட்டில் பித்தளை ஸ்பிரிங் தளரும், முனை கருத்துப் போகும், மின்தடை இன்னும் ஏறும். 0.9 ஓம் 2 ஓம் ஆகிறது என்று வை. மொத்தம் 38.7, மின்னோட்டம் 5.25. அந்த இணைப்பில் சூடு 5.25 × 5.25 × 2 = 55 வாட். மின்னோட்டம் லேசாக இறங்கியது, சூடு இரண்டு மடங்கு ஆனது. 10 ஆம்பியர் எம்சிபிக்கு 5.25 ஆம்பியர் ஒரு சுமையே இல்லை. பிளக் உருகித் தீப்பிடித்து, பேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது இறங்கும்.

ஆர்சிசிபியும் இதைப் பிடிக்காது. மின்கசிவு இருந்தால்தான் அது வேலை செய்யும். ஆனால் இம்மர்ஷன் ராடு வைத்திருக்கும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும், அது உயிருக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

---

வடமராட்சி | திங்கள், காலை 11.30

இங்கே யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான் அண்ணை. எங்களுக்கும் 230 வோல்ட். சதுரப் பின் பிளக்குகளுக்குள் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கிறது, அதனால் பயமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்கள் சொன்ன அதே காரணத்தால் அந்தப் பியூஸும் போகாது. கேத்தில் போட்டு பிளக்கின் ஒரு பின் பக்கம் மட்டும் மண்ணிறமாகிப் போனதை நான் கண்டிருக்கிறேன், பியூஸ் புதிதாகவே இருந்தது. பழைய வட்டப் பின் சாக்கெட்டில் அடாப்டர் போட்டு, அதன் மேல் இன்னொரு அடாப்டர் போடுகிற வீடுகளில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தடைதான்.

---

கரும்புத்தோட்டம் | திங்கள், மதியம் 12.10

203 வோல்ட்தான் வருகிறது என்றால் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி ராடுக்கு 230 கொடுத்துவிட்டால் தீர்ந்ததே? என் சித்தப்பா வீட்டில் அப்படித்தான்.

---

பழைய_பேனல் | திங்கள், மதியம் 1.30

ராடுக்கு வேண்டாம். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இந்தப் பக்கம் 1500 வாட் கொடுக்க அந்தப் பக்கம் 1500 வாட்டுக்கு மேல் இழுக்க வேண்டும், குறைந்த வோல்டேஜில். சுவர் சாக்கெட்டில் 7.7 ஆம்பியர் வரை போகும். லைனில் விழும் வோல்ட் இன்னும் கூடும், அந்த லூஸ் இணைப்பு இருந்தால் அங்கே சூடு இரண்டு மடங்கு. தெருவில் பத்து வீடு இப்படிச் செய்தால் கடைசி வீட்டுக்கு மிச்சம் எதுவும் இருக்காது. மின்னணுப் பொருளுக்கு ஸ்டெபிலைசர் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. வெந்நீருக்குப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

203 என்பதே குறைவுதான். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே வீட்டு இணைப்புக்கு 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று இருந்தது. 230க்கு அது 216. பகுதி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், அளந்த நேரத்தையும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். தெருவோடு சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.

---

இயற்பியல்_டீச்சர் | திங்கள், இரவு 8.40

பழைய_பேனல் ஐயாவின் விளக்கத்தை நாளை வகுப்பில் சொல்லப் போகிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும்.

7 வோல்ட் என்பது 197க்கும் 190க்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒரே நொடியில் எடுத்த அளவு இல்லை. கிராமத்து லைனில் பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடினாலே 2 வோல்ட் இறங்கும். மீட்டரும் ஒரு சதவீதம் பிசகலாம், 200இல் அது 2 வோல்ட். பெரிய எண்ணில் இருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சின்ன எண்ணை எடுக்கும்போது பிசகு முழுவதும் அந்தச் சின்ன எண்ணின் தலையில் விழும். 7 என்பது 5 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம்.

ஒரே மீட்டரால் அளப்பதும், சுவர், பாக்ஸ், சுவர், பாக்ஸ் என்று மாற்றி மாற்றி அளந்து சராசரி எடுப்பதும் இதைக் குறைக்கும். தம்பி மறுபடி அந்தப் பாக்ஸில் ராடு போட்டு அளக்க வேண்டாம், தெரிந்தது போதும். 5 வோல்ட் என்றாலும் வயருக்கு உரிய 2.1ஐவிட அது இரண்டு மடங்குக்கு மேல், சந்தேகப்பட அது போதுமானது.

ராடை ஓம் மீட்டரால் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மின்சாரம் இருக்கும் இடத்தில் ஓம் நிலையில் புரோப் வைத்தால் மீட்டர் போகும், கையும் போகலாம்.

---

கொள்ளிடக்கரை | செவ்வாய், மாலை 6.20

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வடமராட்சி அண்ணன் சொன்னது போலவே ஒரு பின் பக்கம் மட்டும் பழுப்பாகி, பிளாஸ்டிக் லேசாக வளைந்திருக்கிறது. பாக்ஸைத் திறந்தால் உள்ளே நியூட்ரல் வயர் ஸ்குருவுக்கு அடியில் நாலைந்து இழையில்தான் பிடித்துக்கொண்டிருந்தது, மற்றவை கருகி உதிர்ந்துவிட்டன. அம்மாதான் தினமும் விடியற்காலையில் ஈரக்கையோடு அதைப் போடுகிறவர். எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் அது போதாது.

நாளை வயர்மேன் வருகிறார். மீட்டர் போர்டில் இருந்து கொல்லைப்புறத்துக்குத் தனி வயர், 2.5 ஸ்கொயர் எம்எம், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி. ஆர்சிசிபியும் கேட்டிருக்கிறேன். தூரம் 18 மீட்டர்.

---

பழைய_பேனல் | செவ்வாய், இரவு 7.15

நல்லது தம்பி. எர்த் வயரும் சேர்த்து இழுக்கச் சொல்லுங்கள், மூன்று வயர். ஸ்குரு இறுக்குவதற்கு முன் வயர் முனையை மடித்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் என்ன வர வேண்டும் என்று முன்பே சொல்லி வைக்கிறேன், நீங்கள் அளந்து ஒப்பிடுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் மீட்டருக்கு 0.0074 ஓம். போக வர 36 மீட்டர், 0.27 ஓம். லைன் 0.56. இரண்டும் சேர்ந்து 0.83 ஓம். லோடு இல்லாமல் 203 இருந்தால் ராடு ஓடும்போது 5.6 ஆம்பியர், சாக்கெட்டில் 198, திறன் 1110 வாட்டை ஒட்டி வரும். தண்ணீர் இரண்டு மூன்று நிமிடம் சீக்கிரம் சூடாகும், அவ்வளவுதான். இந்தச் செலவு நேரத்துக்காக இல்லை.

---

கொள்ளிடக்கரை | வெள்ளி, காலை 8.05

வேலை முடிந்தது. இன்று காலை லைன் கொஞ்சம் நன்றாக இருந்தது, லோடு இல்லாமல் 206. டீச்சர் சொன்னபடி நிறுத்தி, போட்டு, நிறுத்தி, போட்டு அளந்தேன். ராடு ஓடும்போது புதிய போர்டின் பக்கத்து சாக்கெட்டில் 201 வோல்ட், 5.7 ஆம்பியர்.

201 ÷ 5.7 = 35.3 ஓம். ராடு அதே ராடு.
201 × 5.7 = 1146 வாட்.
காணாமல் போனது 5 வோல்ட். 5 ÷ 5.7 = 0.88 ஓம். ஐயா சொன்னது 0.83.

ராடை நிறுத்திக் கழற்றியவுடன் பின்னைத் தொட்டுப் பார்த்தேன், சூடு தெரியவில்லை. வோல்டேஜ் புகாரைத் தெருவில் ஒன்பது வீட்டுக் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறோம். பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சரி செய்து செல்போன் சார்ஜருக்கு வைத்துக்கொள்ளலாமா?

---

பழைய_பேனல் | வெள்ளி, காலை 8.50

0.83க்கு 0.88 வந்தால் வயர்மேன் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்.

பாக்ஸை வைத்துக்கொள்ள வேண்டாம். சார்ஜருக்கு என்று வைப்பீர்கள், ஒரு நாள் விசேஷத்துக்கு யாராவது எடுத்து அயர்ன் பாக்ஸ் மாட்டுவார்கள். பிளக்கை வெட்டி எறிந்துவிடுங்கள்.

---

கரும்புத்தோட்டம் | வெள்ளி, காலை 10.15

நேற்று என் பேனலைத் திறந்து ரிலேயைப் பார்த்தேன், 14இல் இருந்தது. 9.5க்கு இறக்கிவிட்டேன். சாயங்காலம் 192 வோல்ட்டில் டிரிப் ஆனது, இரவு 10 மணிக்கு மேல் ஓட்டிக்கொண்டேன். ஐயா, போருக்குக் கேபிள் 80 மீட்டர் இறங்குகிறது, 2.5 ஸ்கொயர் எம்எம். உங்கள் கணக்குப்படி போக வர 160 மீட்டருக்கு 1.18 ஓம் வருகிறது, 9.5 ஆம்பியரில் 11 வோல்ட். 4 ஸ்கொயர் எம்எம் மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியுமா?

---

பழைய_பேனல் | வெள்ளி, மதியம் 12.40

4 ஸ்கொயர் எம்எம் மீட்டருக்கு ஏறக்குறைய 0.005 ஓம். 160 மீட்டருக்கு 0.8 ஓம், 7.6 வோல்ட். மோட்டார் முனையில் உங்களுக்கு மூன்றரை வோல்ட்டை ஒட்டிக் கூடுதலாகக் கிடைக்கும், கேபிளில் வீணாகும் சூடும் 106 வாட்டில் இருந்து 72 வாட்டுக்கு இறங்கும். அதற்காக மட்டும் இப்போது மோட்டாரை மேலே தூக்க வேண்டாம். அடுத்த முறை எதற்காகவாவது தூக்கும்போது மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை ரிலே 9.5இலேயே இருக்கட்டும்.